இல்லாத ஹீட்டர்கள்

ஆட்ரி கெண்ட்ரிக் ஒயிட்ஹாலில் எந்தத் துறையில் வேலை பார்த்தாள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கும் கேள்விகள் அந்தத் துறைக்குத் தினமும் கட்டாக வரும். அமைச்சர் பெயரில் அவற்றுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது அவள் பிரிவின் வேலை. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை சபைக் குறிப்பில் அது அச்சாகிவிடும். பதினேழு வருஷமாக ஆட்ரி இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் எழுதிய ஒரு வரிகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

1986 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மேஜைமேல் தொலைபேசி அடித்தது.

"கண்ணு, டார்வி ஹீட்டர் பத்தின பதில யாரு எழுதினது?"

வடபகுதிப் பேச்சு. யாரைப் பார்த்தாலும் கண்ணு என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்.

"நீங்க யாரு பேசறது?"

"ஹெஸ்கத். ஸ்கெல்பி முகாம்ல இன்ஜினியர். நம்ம துறை வீட்டுல ஒரு டார்வியும் இல்லேன்னு அமைச்சர் சொல்லியிருக்காராமே? நேத்து சாயங்காலம் நானே பத்தொன்பது எண்ணினேன். எல்லாம் சுடச்சுட எரியுது."

கேள்வி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டவர் எம்லின் ப்ரோபர்ட் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர். துறைக்குச் சொந்தமான வீடுகளில் டார்வி வகை எரிவாயு ஹீட்டர் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டிருந்தார். அந்த ஹீட்டரின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் வாசனையே இல்லாத விஷவாயு அறைக்குள் இறங்கும். தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். செவ்வாய்க்கிழமை வெளியான பதில் இரண்டே வாக்கியம்: "எதுவும் இல்லை. அனைத்தும் 1983-க்குள் அகற்றப்பட்டன."

"மிஸ்டர் ஹெஸ்கத், நீங்க இத முன்னாடியே எழுதி அனுப்பியிருக்கணும்."

"நவம்பர்லயே அனுப்பிட்டேன் கண்ணு. ரெண்டு பக்கம். உங்க ஆபீசுக்குத்தான்."

அவள் பெட்டகத்தைத் திறந்து கோப்பை எடுத்தாள். பழைய சுற்றறிக்கை மேலே இருந்தது. "1983-க்குள் அகற்றப்பட வேண்டும்" என்று அதில் போட்டிருந்தது. வேண்டும் என்றிருந்ததைத்தான் அவள் அகற்றப்பட்டன என்று எழுதியிருந்தாள். அவசரத்தில் எழுதினாளா, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பி எழுதினாளா என்று இப்போது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அதற்குக் கீழே ஹெஸ்கத்தின் இரண்டு பக்கம். மூலையில் பச்சை மையில் "பார்த்தேன், ஆ.கெ." என்று அவள் கையெழுத்து. அந்த வாரம் அறுபது கேள்விகள் வந்திருந்தன. அவள் அதைப் படிக்கவே இல்லை.

ரிஸீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உடனே அதையெல்லாம் அணைச்சிடுங்க, மிஸ்டர் ஹெஸ்கத்."

"அணைச்சா? இங்க மைனஸ் எட்டு டிகிரி. வீட்டுல கைக்குழந்தைங்க இருக்கு. வேற ஹீட்டர் கொடுங்கன்னு ஸ்டோர்ல போய் நின்னேன். அந்த ஸ்டோர்க்காரன் சபைக் குறிப்ப வெட்டி சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான். டார்வியே இல்லேன்னு பார்லிமென்ட்டே சொல்லிடுச்சு, இல்லாத ஹீட்டருக்கு நான் எப்படி மாத்து ஹீட்டர் கொடுக்கறதுன்னு கேக்கறான். சிரிக்கிறான் கண்ணு. வாரக் கடைசில பனி கொட்டப்போகுதாம். கொட்டினா குழாயெல்லாம் மூடிக்கும்."

அவள் எழுதிய வரி அச்சேறி, இருநூறு மைல் போய், ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டு வழிமறித்து நிற்கிறது. ஆட்ரி அந்த ஸ்டோரின் தொலைபேசி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ரிஸீவரை வைத்தாள்.

பிரிவின் தலைவர் பாம்ஃப்ரியின் அறைக்குக் கோப்போடு போனாள். அவர் எதையும் உரக்கப் பேசாதவர். முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க ஆட்ரி. இத அவசரப்பட்டுப் பண்ணக்கூடாது. சபைக்குத் தப்பான பதில் போச்சுன்னா அமைச்சர் திருத்தம் கொடுக்கணும். அத வார்த்தை பாத்து எழுதணும். இன்னிக்கு அவரு ரெண்டரை வரைக்கும் சபையில இருப்பாரு, அப்படியே தொகுதிக்குக் கிளம்பிடுவாரு. செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்."

"பனி நாளைக்கே வருதாம் சார்."

"இந்த ஹீட்டருங்க மூணு வருஷமா எரியுது. இன்னும் நாலு நாள்ல என்ன ஆகிடும்?"

"சார், அங்க குழந்தைங்க..."

"ஆட்ரி." அவர் விரல் பச்சை மையின்மேல் போய் நின்றது. "இதுல என் கையெழுத்து இல்ல. அமைச்சர் கையெழுத்தும் இல்ல. உங்களோடது மட்டும்தான் இருக்கு. அத யோசிச்சுப் பாருங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் வெளியே வந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றாள். கணவன் ரெக்கின் கப்பல்பட்டறை வேலை போய் இரண்டு வருஷமாகிறது. அவள் வேலையும் போனால் என்ன கதி? விசாரணை வரும், செய்தித்தாளில் பெயர் வரும். செவ்வாய் வரை பேசாமலிருந்தால், வார்த்தை பார்த்து எழுதினால், பிழை யாருடையது என்று எவருக்கும் தெரியாமலேயே போகலாம். பாம்ஃப்ரி அப்படிப் பத்துத் திருத்தம் எழுதியவர். கண்ணை மூடினாள். பார்த்தே இராத ஒரு வீடு கண்ணுக்குள் வந்தது. சாத்திய ஜன்னல், ஆவி படிந்த கண்ணாடி, சுவரோரம் நீலமாக எரியும் ஒரு ஹீட்டர்.

மணி ஒன்றேகால். கோப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

சபை அங்கிருந்து பத்து நிமிஷ நடை. தெருவில் காற்று முகத்தை அறுத்தது. அலுவலகக் கோப்பை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவது குற்றம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தாள். எதிரே வந்த ஒவ்வொரு கறுப்புக் கோட்டும் பாம்ஃப்ரியாகத் தெரிந்தது. வாசல் போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்தார், கோட்டைத் தொடவில்லை. நடுக்கூடத்தில், உள்ளேயிருக்கும் உறுப்பினரை வெளியே அழைப்பதற்கான பச்சைச் சீட்டு ஒன்றை வாங்கி அமைச்சர் டன்ஸ்டனின் பெயரை எழுதினாள். வந்த காரியம் என்ற இடத்தில் "மிக அவசரம்" என்று போட்டாள். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன பணியாளர் திரும்பி வரவில்லை.

கல்தரையும் உயரமான கூரையுமாக இருந்த அந்தக் கூடத்தில் ஒவ்வொரு காலடியும் இரண்டாகக் கேட்டது. இரண்டு மணி ஆயிற்று. அப்போது கையில் சிகரெட்டோடு ஒரு குள்ள மனிதர் வெளியே வந்தார். அவள் செய்தித்தாளில் பார்த்த முகம்தான். எம்லின் ப்ரோபர்ட்.

"யாருக்காகம்மா காத்திருக்கீங்க? முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கே."

இவரிடம் கொடுத்தால் ஐந்தே நிமிஷத்தில் சபையே கிடுகிடுத்துவிடும். அவளுக்குச் சிறை, அமைச்சர் பதவி போய் வீட்டுக்கு. ஆனால் ஸ்டோர்க்காரனுக்கு உத்தரவு போட ப்ரோபர்ட்டால் முடியுமா? கத்த முடியும். கத்தி முடிப்பதற்குள் ராத்திரியாகிவிடும்.

"ஒண்ணுமில்ல சார். குளிருதான்."

"அப்ப டீ குடிங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இரண்டே முக்காலுக்கு டன்ஸ்டன் பெட்டியோடு விறுவிறுவென்று வந்தார். காருக்குப் போகிற நடை. அவள் குறுக்கே போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

"சார், நான் உங்க துறை. டார்வி பதில் எழுதினது நான்தான். அது பொய்."

அவர் நின்றார். முதலில் எரிச்சல்தான் முகத்தில் இருந்தது. கோப்பை வாங்கி நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நான் சபைக்கு இல்லேன்னு சொல்லியிருக்கேன்."

"ஆமா சார்."

"இந்தப் பச்சைக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது. படிக்காம போட்டேன்."

அவர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரோ சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு கணம் அவர் பார்வை வாசல் பக்கம், காத்திருந்த கார் பக்கம் போனது. செவ்வாய்க்கிழமை என்று இவரும் சொல்லிவிடுவாரோ?

"சார், ஸ்டோர்ல உங்க பதில சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. நீங்களே பேசினாத்தான் ஹீட்டர் கொடுப்பாங்க."

"நம்பர் இருக்கா?"

கூடத்து ஓரத்தில் இருந்த தொலைபேசிக் கூண்டில் இருவரும் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் எண்ணைச் சுழற்றினாள். அமைச்சர் தன் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை கத்தினார். "நான்தான்யா அந்த அமைச்சர்! சுவத்துல இருக்கறத கிழிச்சுப் போடு! இருக்கற ஹீட்டர் எல்லாத்தையும் ஹெஸ்கத்கிட்ட கொடு! வீட்டுக்காரங்கள முகாம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆமா, இப்பவே!"

வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "திருத்தத்த எழுதுங்க. திங்கட்கிழமையே கொடுத்துடறேன். பத்தொன்பதுன்னு தெளிவா இருக்கட்டும்."

ஆட்ரி தலையாட்டினாள். மறுநாள் சனிக்கிழமை காலை காலியான அலுவலகத்தில் உட்கார்ந்து பத்தொன்பது என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. பத்தொன்பது ஸ்கெல்பியில் மட்டும். துறைக்கு வேறு ஐந்து வட்டாரங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் யார் எண்ணினார்கள்?

ஒவ்வொரு வட்டாரமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். சனிக்கிழமையானதால் இன்ஜினியர்களை வீட்டிலும் மதுக்கடையிலும் கால்பந்து மைதானத்திலும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருவர் ஆறு என்றார். ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து முப்பத்தொன்று என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது. ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "அமைச்சர் உத்தரவு, இப்பவே அணைச்சிட்டு ஆளுங்கள வெளிய கொண்டுவாங்க." மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியது. கூட்டிப் பார்த்தால் எழுபத்து மூன்று.

நாலு மணிக்கு ஹெஸ்கத் கூப்பிட்டார். இந்தத் தடவை கண்ணு என்று சொல்லவில்லை.

"பதினெட்டு வீடு நேத்தே காலி பண்ணிட்டோம். பத்தொன்பதாவது வீட்டுல கதவு திறக்கல. ஊருக்குப் போயிருப்பாங்கன்னு விட்டுட்டேன். இன்னிக்கு மனசு கேக்கல, ஜன்னல உடைச்சோம். வில்ஃப் ஏக்ராய்டுன்னு ஒரு வாட்ச்மேன். பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. இவரு ராத்திரி வேலைய முடிச்சிட்டுப் படுத்திருக்காரு. பனியில இழுத்துப் போட்டோம்."

"மூச்சு இருக்கா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மிஸ்டர் ஹெஸ்கத், மூச்சு இருக்கா?"

"இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

திங்கட்கிழமை டன்ஸ்டன் சபையில் எழுந்து திருத்தத்தைப் படித்தார். ப்ரோபர்ட் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். கோடைகாலத்தில் டன்ஸ்டன் பதவி போயிற்று. பாம்ஃப்ரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்ரிமேல் விசாரணை வைத்தார்கள். கோப்பை வெளியே கொண்டுபோனதற்கு ஒரு கண்டனம், படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு கண்டனம். க்ராய்டனில் ஒரு கிளை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை.

விசாரணையின் கடைசி நாளன்று தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணும் அவள் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆளின் கோட்டுப் பித்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. கைகள் மடிமீது ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமலே ஆட்ரிக்கு அவர்கள் யாரென்று தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"அந்தப் பதில எழுதினவ நீங்கதானா?"

"ஆமா."

"அமைச்சர வழிமறிச்சது?"

"அதுவும் நான்தான்."

மிஸஸ் ஏக்ராய்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அறைவாளோ என்றுகூட ஆட்ரிக்குத் தோன்றியது. அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

"மூணு வாரம் அவருக்கு என் பேரே தெரியல. வேற யாரோன்னு நெனச்சு மரியாதையா பேசினாரு. முப்பது வருஷத்துல முதல் தடவை." அவள் வாய் சிரிக்கப் பார்த்துக் கோணிக்கொண்டது. "உங்கள என்ன பண்றதுன்னு ரயில்ல வரும்போதெல்லாம் யோசிச்சேன். ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்கு யாரும் சொல்லல."

"திட்டிடுங்க மிஸஸ் ஏக்ராய்டு."

"இன்னொரு நாள் திட்டறேன். இப்ப இவர கொஞ்சம் பிடிங்க, படி நிறைய இருக்கு."

ஆட்ரி மறுபக்கம் போய் வில்ஃபின் கையைப் பிடித்தாள். அந்தக் கை அவள் கைக்குள்ளும் ஆடிக்கொண்டே இருந்தது. மூவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.