தரகருக்கு ஒரு வழி

கொளஞ்சி லேத்தில் கடைந்த வளையத்தில் குழாயைச் செருகினால் காற்றுகூட நுழையாது. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் அவருக்கு அப்படியொரு பெயர். நெல்லித்தோப்பிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்கூட்டரில் வந்துபோய், அந்தப் பெயரைப் பொன்போல் காத்துவந்தார்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. வந்திருந்த வேலை, பால் பதனிடும் இயந்திரத்துக்கான ஓர் இணைப்புக் கூட்டு: உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வெளியே சாதாரண எஃகு வளையம். இரண்டும் வெவ்வேறு குலம். இணைக்க வழக்கமாக உருக்கி ஊற்றும் செம்பு, பால் படும் பொருளில் ஆகாது. ஆகவே நிக்கல் பசை. விளிம்பில் தடவி, காற்றை உறிஞ்சியெடுத்த உலையில் வைத்தால், அது உருகி இடுக்கில் ஓடி இரண்டையும் இணைத்துவிடும். இரு வீட்டாரையும் சேர்த்துவைக்கிற அந்தப் பசைக்குப் பட்டறையில் 'தரகர்' என்றே பெயர்.

இரண்டு முறை உலையேற்றினார்கள். இரண்டு முறையும், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சோதித்தபோது குமிழி கொப்பளித்தது. மூன்றாவதும் ஒழுகினால் வேலை சென்னைக்குப் போய்விடும் என்று இயந்திரக் கம்பெனியின் சோதனையாளர் இராமதாஸ் சொல்லிவிட்டார்.

உலையைக் கவனிக்கும் பூவிழி, தோற்ற கூட்டை அறுத்துக் காட்டினாள். நிக்கல் விளிம்பிலேயே கட்டிதட்டிக் கிடந்தது.

"பாருங்கண்ணே, தரகர் வாசப்படியிலயே குந்திகினு இருக்காரு."

"என் வேலையில இன்னா கொறை? காத்துகூட நுழையாது!"

"அதாண்ணே கொறை. காத்தே நுழையலன்னா தரகர் எப்டி நுழைவாரு?"

பெருமை ஒரு பூனை; மடியில் வைத்துக் கொஞ்சுகிறவரையே முதலில் பிறாண்டும். கொளஞ்சிக்குச் சுருக்கென்றது.

"சூட்டுல உள்ள இருக்கற எஸ்.எஸ். குழாய் அதிகமா வீங்குதுண்ணே. இருக்கற இடுக்கையும் அதுவே அடைச்சிடுது. வளையத்த நாலு தலமுடி அளவு பெருசா கடைஞ்சி குடுங்க."

"நாலு முடியா! லொடலொடன்னு ஆடுமே. பாக்கறவன் கொளஞ்சிக்குக் கண்ணு பூடுச்சும்பான்."

"அதுக்குன்னு தாராளமாவும் வுட்டுடாதீங்க. எடம் பெருத்தா நிக்கல் பிஸ்கோத்து மாதிரி ஒடைஞ்சிடும்."

சரியாக நாலு முடி. மனமில்லாமல் கடைந்தாலும் கை பிசகவில்லை. குழாய் வளையத்துக்குள் கொலுசுபோல் ஆடியபோது கொளஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூவிழி அதை நடுவில் நிறுத்தி, மூன்று இடத்தில் பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்து, பசை தடவி உலைக்குள் அனுப்பினாள்.

மறுநாள் முற்பகல் இராமதாஸ் வந்தார். ஆறிய கூட்டைத் தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஏற்றினார். ஒரு குமிழி மேலே வந்தது. கொளஞ்சி தொட்டியின் மேல் குனிந்தார்.

"அடியில ஒட்டிகினு இருந்த காத்து," என்றார் இராமதாஸ். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது.

"பாஸ். அம்பது செட்டு போடுங்க," என்று கையெழுத்திட்டவர் நிமிர்ந்து கேட்டார்: "இந்த வாட்டி இன்னா மாத்தனீங்க?"

பூவிழி வாய் திறப்பதற்குள் கொளஞ்சி முன்னால் வந்து நின்றார்.

"வெந்தா எஸ்.எஸ். வீங்கும் சார். எடம் வுட்டுத்தான் கடையணும். இதுகூடத் தெரியாம இந்தத் தொழில்ல இருக்க முடியுமா?"

பூவிழி சட்டென்று உலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் மட்டும் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தன.