ஈர எடை

வரைபடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. பொலிமர் வில்லைகளின் எடை எட்டு வாரத்தில் துளியும் குறையவில்லையாம். பார்த்ததுமே வேரோனிக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பொலிமரை ஏழு மாதம் பாடுபட்டுச் செய்தவள் அவள். ஒரு நடுவிலிருந்து நாலு கிளை விரியும் மூலக்கூறு. முறிந்த எலும்பைப் பிடித்து வைத்திருந்து, பொருந்தியபின் உடம்புக்குள்ளேயே கரைந்துபோக வேண்டிய ஆணிக்கு அது. பொத்தான் அளவு வில்லைகளாக அழுத்தி, உடற்சூட்டில் உப்புநீரில் ஊறவிட்டு, வாராவாரம் மூன்றை எடுத்து, வெற்றிட அடுப்பில் இரண்டு நாள் உலர்த்தித்தான் எடை பார்க்கவேண்டும். கிளை கூடினால் நுனி கூடும். நுனி கூடினால் தண்ணீரைக் குடிக்கும். உலர்த்தாவிட்டால், கரைந்து போனதன் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொண்டு பொய் எடை காட்டும்.

முதல் ஐந்து வாரம் அவளே உலர்த்தி நிறுத்தாள்; அப்போது கரைதல் தொடங்கியிருக்கவில்லை. அவள் பரீட்சைத்தாள் திருத்தப் போன கடைசி மூன்று வாரமும் எடை பார்த்தவர் ராம்குமார், சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர். அடுப்பின் பதிவேட்டில் அந்த மூன்று வாரமும் வெறுமை. ரிசுக் கடதாசியால் ஈரத்தை ஒற்றி எடுத்து நிறுத்தாராம். கேட்டதற்குச் சிரித்தார்.

"திங்கக்கிழமை மாநாட்டுக்கு அனுப்பணும்மா. மொதல் பேரே உன்னுதுதான். பேசாம சந்தோஷப்படு."

அதுவரை அண்ணை என்று கூப்பிட்டவள் அன்றோடு விட்டாள்.

"எங்கடை அம்மா கோழி பாக் பண்ணுற பக்ரறியிலை வேலைக்கு நிக்கிறா, ராம்குமார். அங்கை கூடத் தண்ணியை வடிச்சுப்போட்டுத்தான் நிறுக்கினம்."

தொழிற்சாலை வேலைக்குப் போகும் அந்த அம்மா, மல்வேர்னில் உள்ள வீட்டில், ஷோகேசின் கண்ணாடிக் கிண்ணங்களை நகர்த்தி, மகளின் பெயர் அச்சான தாளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் வேரோனிக்கா.

ராம்குமார் திரும்பக் குப்பியில் போட்டிருந்த எட்டாம் வார வில்லைகளை வெள்ளியன்றே எடுத்து அடுப்பில் வைத்தாள். திங்கள் காலை தராசு சொன்னது: ஐந்தில் ஒரு பங்கைக் காணோம்.

அதைக் காட்டியதும், ஆய்வை நடத்தும் பேராசிரியர் தாடியைத் தடவினார். இப்போதைக்கு இந்தக் கோடே போகட்டும், முழுக்கட்டுரையில் திருத்தலாம், எல்லாரும் செய்வதுதான் என்றார்.

எல்லாருமா? எலும்பு பொருந்துமுன்னே ஆணி உள்ளே உதிரும்போது, கட்டிலில் கிடப்பவனுக்கு முழுக்கட்டுரையை வாசித்தா காட்டுவார்கள்?

அவள் ஒரு வில்லையை வரைபடத்தின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். காய்ந்த விசுக்கோத்துப் போல நொறுங்கியது. பேனையை எடுத்து, அதே தாளில், முதலாவதாக இருந்த தன் பெயரைக் கோடிட்டு வெட்டினாள்.

செய்தவளின் பெயரில்லாமல் அனுப்பினால் கேள்வி வரும். பேராசிரியர் தாளை மடித்தார். இந்த வருட மாநாடு அவளால்தான் போயிற்று என்றார், திருடியவள் அவள் என்பதுபோல.

வீட்டில் அம்மா வேலை உடுப்போடு நின்றபடி கேட்டாள்: "அப்ப பேர் வராதோ, பிள்ளை?"

"வரும். காய வைச்சு நிறுத்தாப் பிறகு வரும். கிண்ணத்தை இப்ப திருப்பி வையுங்கோ."