குளவிகள் மொய்த்த கடை

தோய்சுபெக்கும் அவன் மனைவி சூராகானும் மூன்று வருஷமாகத் தங்கள் ஆப்ரிகாட் தோப்பில் மருந்தடிக்கவில்லை. அசுவினிப் பூச்சி வந்தால் பூண்டுக் கரைசல், களைக்கு மண்வெட்டி. பழத்தைக் காயவைக்கும்போது கந்தகப் புகையும் போடுவதில்லை. வினை அங்கேதான் வந்தது. பத்கென் சந்தையில் மற்றவர்களின் வற்றலெல்லாம் பொன்னாக மின்ன, இவர்களுடையது மட்டும் செருப்புத்தோல் நிறத்தில் கிடந்தது.

பக்கத்துக் கடை மமசாலியுடையது. ஊரிலும் அவர் தோப்பு இவர்கள் தோப்பை ஒட்டியதுதான்.

"என்ன தம்பி, ரொட்டி அடுப்புல விழுந்து கருகினதைப் பொறுக்கிட்டு வந்தியா?" என்றார்.

எதிரே வால்நட் விற்கும் நானும் சிரித்துவிட்டேன்.

தோய்சுபெக்கின் முகம் சுருங்கியது. "அடுத்த வருஷம் நாமளும் கந்தகம் போடுவோம். களை பறிச்சு இடுப்பு போனதுதான் மிச்சம்."

"போன இடுப்பு கந்தகத்துல திரும்பி வந்துருமா? சும்மா இருங்க" என்றாள் சூராகான்.

வெயில் ஏறியதும் குளவிகள் வந்தன. தோய்சுபெக் கம்பளித் தொப்பியைக் கழற்றி விசிறினான். ஒரு குளவி அவன் இமையிலேயே கொட்டியது.

"ஒருவழியா வாடிக்கை வந்துருச்சே!" என்றார் மமசாலி.

சூராகான் குளவிகளைப் பார்த்தாள். பிறகு மமசாலியின் குவியலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுகூட இல்லை. சட்டென்று புருஷன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினாள்.

"வாங்க வந்தவங்களை விரட்டாதீங்க! அண்ணே, உங்க வற்றல் ஒரு கை குடுங்களேன்."

அவரும் பெருமையாகக் கொடுத்தார். அதை ஒரு தட்டில் போட்டு, தன்னுடையதை இன்னொரு தட்டில் போட்டு, இரண்டையும் நடைபாதை ஓரமாக வைத்தாள். அவள் தட்டு குளவியால் மறைந்துபோனது. பொன்னிறத் தட்டில் ஒன்றே ஒன்று உட்கார்ந்தது. காலைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

"அண்ணன் சரக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க! ஒரு பூச்சி அண்டாது!" முகத்தில் சிரிப்பே இல்லாமல் கூவினாள்.

"தங்கச்சி, இது அநியாயம்!"

"புகழ்ந்துதானேண்ணே பேசுறேன்?"

கூட்டம் கூடிவிட்டது. பொன்னிறத் தட்டில் குளவி ஏன் உட்காரவில்லை என்று ஒருத்தி கேட்க, நிறத்தைக் காக்கும் கந்தகப் புகைதான் பூச்சியையும் விரட்டுகிறது என்று சூராகான் ஆற அமரச் சொன்னாள். ருசி பார்த்தவர்கள் பை நிறைய வாங்கிப் போனார்கள்.

கடைசிப் பையைக் கட்டும்போது மமசாலி மெல்ல வந்து குனிந்தார்.

"அதை எனக்குக் குடுத்துரு. பேத்திக்கு உங்களுதுதான் வேணுமாம். வேலி தாண்டி வந்து தின்னு பழகிட்டா."

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, காது கேக்கல!" என்றாள் சூராகான்.

வீங்கிய இமையோடு தோய்சுபெக் இளித்தான். மமசாலி சுற்றுமுற்றும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தைக்கே கேட்கும்படி இன்னொரு தரம் கேட்டார்.