கத்தி வைக்காத வைத்தியம்

டாக்டர் ரொனால்டு நல்ல சேதி என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"அம்மாவுக்கு நெஞ்சைப் பிளக்கல, தையல் போடல. தொடையில சின்னதா ஒரு ஓட்டை. அது வழியா மெல்லிசா ஒரு கம்பியை விட்டு, அடைச்சிருந்த ரத்தக்குழாய்ல பலூனை ஊதி விரிச்சு, ஸ்டென்ட் வச்சாச்சு. பேனாவுக்குள்ள ஸ்பிரிங் இருக்கும்ல, அது மாதிரி. மறுபடி அடைக்காமத் தாங்கிக்கும். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் வழக்கமா பாக்குற வேலையெல்லாம் பாக்கலாம்."

ஆண்டிச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். தூக்கிய கையை இறக்குவதற்குள் கேட்டும் விட்டார்.

"பால் கறக்கலாங்களா சார்?"

"கறக்கலாமே."

"தண்ணி எடுக்குறது? குடத்துல?"

"ஒரு வாரம் கழிச்சு, தாராளமா."

கட்டிலில் கிடந்த கண்ணம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று புருஷன் நினைத்தார். "அதான் நல்லாயிட்டீங்கள்ல, அழக் கூடாதும்மா" என்று நர்ஸ் ரீனா தோளைத் தட்டினாள். கண்ணம்மாள் அழுதது ஒரே காரணத்துக்காகத்தான். ஒரு வாரம்தானா?

இப்படியும் ஒரு பொம்பளை நினைப்பாளா என்று கேட்பவர்கள், கன்னிவாடிக்கு மேற்கே அந்தத் தோட்டத்து வீட்டில் ஒரே ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். காலை ஐந்து மணிக்குச் சாணி அள்ளுவதில் நாள் தொடங்கும். பால் வண்டி வருவதற்குள் மூன்று மாட்டிலும் கறந்தாக வேண்டும். ரோட்டுக் குழாயில் பதினாலு குடம் தண்ணீர். சோறு, குழம்பு, வெஞ்சனம். அதை மூடி வைத்த கையோடு தக்காளித் தோட்டம். பறித்ததைக் கூடையில் சுமந்து வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக. சாயங்காலம் மறுபடியும் மாடு, மறுபடியும் தண்ணீர், மறுபடியும் அடுப்பு. பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போன நாட்களைக் கழித்தால், முப்பத்தாறு வருஷத்தில் பகலில் அவள் முதுகு பாயில் பட்டதில்லை.

அந்தத் தக்காளிக் கூடையோடுதான் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்தாள். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினாற்போல இருந்தது. இடது கை கடுத்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "வாயுவா இருக்கும்" என்று ஆண்டிச்சாமி சோடா வாங்கிக் கொடுத்தார். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. மூன்றாம் முறை வலி வந்து மயங்கி விழுந்த பிறகுதான் மகன் பாண்டியராஜ் தன் வேனிலேயே போட்டுக்கொண்டு திண்டுக்கல் ஓடினான். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் மதுரைக்கு அனுப்பினார். இது நடந்தது 2006-ல்.

மதுரையில் அவளை மயக்கம்கூடப் போடவில்லை. பக்கத்தில் இருந்த டிவியில் தன் ரத்தக்குழாய்க்குள் கம்பி ஊர்வதைக் கண்ணாலேயே பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு ரீனா சிஸ்டர் சொன்னாள் பாருங்கள், அதுதான் அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லாத சொல்.

"அம்மா, இந்தக் காலை மடக்கக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. எது வேணும்னாலும் என்னையக் கூப்பிடணும். நீங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது."

"என்ன சொன்ன தாயி? இன்னொரு தடவ சொல்லு."

காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ரீனா குனிந்து உரக்கச் சொன்னாள். கண்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மூன்று நாள் தூங்கினாள். யாரோ இட்லியைப் பிட்டு ஊட்டினார்கள், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு மறுபடியும் தூங்கினாள். செத்துப் பிழைத்தவள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, அவளோ இப்படிச் சுகமாக ஒரு இடம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பினால் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஹார்லிக்ஸ், ரொட்டி, சாத்துக்குடி. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எங்கே, காயத்தைக் காட்டு.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? தொடை இடுக்கில் ஒரு புள்ளி. கொழுந்தன் பெண்டாட்டி பேச்சாயி கதவைச் சாத்திவிட்டு விலக்கிப் பார்த்தே விட்டாள்.

"இம்புட்டுத்தானா? ஏக்கா, கொசு கடிச்சாக் கூட இதைவிடப் பெருசா வீங்குமே!"

பேச்சாயிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். அடிவயிற்றில் குறுக்கே ஒரு சாண் தழும்பு. அதைப் பார்க்காத பொம்பளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. தண்ணீர்க் குடத்தைத் தொடாமல் மூன்று மாசம் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த மூன்று மாசமும் அவள் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கண்ணம்மாள்தான்.

"கத்தியே வைக்கலையாமுல்ல" என்று ஆண்டிச்சாமி வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். "ஒரு வாரத்துல பழைய மாதிரி ஆயிருவான்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு." பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாதவர் இல்லை அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுத அழுகையைப் பாண்டியராஜ் பார்த்திருக்கிறான். பிரியம் வேறு, குடம் வேறு. அந்த மனுசனுக்கு இரண்டும் ஒரே பொம்பளையிடம் இருப்பதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை.

எட்டாம் நாள் காலை ஐந்து மணிக்குக் கட்டிலருகே வந்து நின்றார். "ஏ புள்ள, வாரம் முடிஞ்சிருச்சுல்ல. மாடு உன்னையத் தேடுது." மாடு தேடியதாம்! கண்ணம்மாள் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு போனாள்.

வலி மறுபடி வரவே இல்லை. பதினாலு குடம் எடுத்தாலும் மூச்சு வாங்கவில்லை. டாக்டர் சொன்னபடி மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டாள். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. அசதிதான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் அசதி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. மூன்று நாள் படுத்து எழுந்த பிறகு தெரிந்துவிட்டது, இனி தெரியாமல் இருக்க முடியுமா?

ஒரு மாசம் கழித்துப் பரிசோதனைக்கு மதுரை போனார்கள். ஈசிஜி பார்த்து, நாடி பார்த்து, "அருமையா இருக்கும்மா" என்றார் டாக்டர். ஆண்டிச்சாமி மாத்திரை வாங்க வெளியே போனார். கதவு சாத்தியது தெரிந்ததும் கண்ணம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். என்னைய அறுத்து வச்சிருந்தா எத்தன மாசம் படுக்கச் சொல்லியிருப்பீக?"

"பைபாஸா? ரெண்டு மூணு மாசம் ஆகும்மா. அந்தக் கஷ்டமே உங்களுக்கு இல்லைங்கிறேன்."

"அந்தக் கஷ்டத்தை எனக்குக் குடுத்திருக்கலாமே சாமி."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீட்டுல ஒரு நாளைக்கு என்ன வேலை பாப்பீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். சாணியில் தொடங்கி அடுப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டியும் அவர் குறுக்கே பேசவில்லை.

"குழாய் நல்லா இருக்கும்மா. வேலை செய்யக் கூடாதுன்னு நான் எப்படிப் பொய் எழுதுறது?"

"அசதியா இருக்குன்னு சொல்றேன். அது பொய்யா தம்பி?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சீட்டை எடுத்தார். "ரெண்டு மாசம்னு எழுதுறேன். போதுமா?"

"தமிழ்ல எழுதுங்க. இங்கிலீசுல எழுதுனா அவுக அவுகளுக்குத் தோதா அர்த்தம் சொல்லிக்குவாக."

'இரண்டு மாதம் முழு ஓய்வு. பாரம் தூக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அதை நாலு தடவை படித்துவிட்டு ஆண்டிச்சாமி, "நல்லா இருக்குன்னுதான சொன்னாரு?" என்றார். "உள்ளுக்குள்ள ஏதோ இருக்குமாம்" என்றாள் கண்ணம்மாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பயந்துவிட்டார், பாவம்.

அப்புறம் படுத்தாள். வெட்கம் இல்லாமல் படுத்தாள். காலையில் மாடு கத்தும்போது விழிப்பு வரும், புரண்டு படுப்பாள். மத்தியானம் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குள் பகலில் வெயில் எங்கெங்கே விழும் என்பதே அவளுக்குத் தெரியாது.

வேலை எங்கே போகும்? அது பாட்டுக்கு மருமகள் புவனேஸ்வரி தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே அவளுக்குச் சமையலில் பாதி, தோட்டத்தில் பாதி, ஒன்றரை வயதுக் கைக்குழந்தை. இப்போது சாணியும் பாலும் பதினாலு குடமும் கூடச் சேர்ந்தன. அத்தைக்கு உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு வேறு. பாண்டியராஜ் ராத்திரி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போய்விட்டு வந்து பகலெல்லாம் தூங்குவான். ஆண்டிச்சாமி மடை மாற்றுவார், மருந்து அடிப்பார், அது முடிந்தால் வேப்ப மரத்தடியில் சீட்டுக் கச்சேரி. குடத்தைத் தொட்டால் கை வெந்துவிடுமா? தொடவில்லை. தொடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கண்ணம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. மருமகள் குடத்தை இறக்கும்போது விடும் மூச்சு, படுத்திருக்கிற காதுக்கு நன்றாகக் கேட்டது. முதல் வாரம் மனசு உறுத்தியது. இரண்டாம் வாரம், இந்த இரண்டு மாசத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கடி என்று சொல்லிக்கொண்டு மறுபக்கம் புரண்டாள். அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இருபதாம் நாளோ என்னவோ, சாயங்காலம் நாலு மணி இருக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புவனேஸ்வரி கேப்பைக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் இந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா? வைய மாட்டீகளே?"

"கேளு."

"அந்த வலி மொதல்ல எங்க ஆரம்பிச்சுச்சு? எப்படி இருந்துச்சு?"

கண்ணம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "ஏத்தா, உனக்கும் வலிக்குதா? இடது கையா? எத்தன நாளா? மறைக்காமச் சொல்லு. பாண்டிய எழுப்பு, வண்டிய எடுக்கச் சொல்லு!"

"ஐயையோ, மெதுவா அத்தை, எனக்கு ஒண்ணும் வலிக்கல."

"பெறகு எதுக்குக் கேட்ட?"

புவனேஸ்வரி தரையைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட என்னன்னு சொன்னா நம்பிப் படுக்க வைப்பாகன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

கண்ணம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளைக்கு இருபத்து நாலு வயது. கண்ணுக்குக் கீழே கருப்பு. குதிகாலில் வெடிப்பு. சேலை முந்தானை முழுக்க ஈரம். இருபத்து நாலு வயதுப் பெண் நெஞ்சுவலியை ஆசையாக விசாரிக்கிறாள்! அடிப்பாவி, என்று திட்டத்தான் வாயைத் திறந்தாள். யாரைத் திட்டுவது? அழுகைதான் வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போயி கதவைச் சாத்திட்டு வா" என்றாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும் அத்தை."

"சாத்திட்டு வான்னு சொல்றேன்ல."

சாத்திவிட்டு வந்தாள். கண்ணம்மாள் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள். "படு."

"அத்தை, நான் எப்படி..."

"படுடீ."

புவனேஸ்வரி கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவது போல ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. வெளியே மாடு கத்தத் தொடங்கியது. ஒன்று கத்தியதும் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. வேப்ப மரத்தடியிலிருந்து ஆண்டிச்சாமியின் குரல் வந்தது.

"ஏத்தா புவனா! மாடு கத்துறது காதுல விழலையா?"

புவனேஸ்வரி எழப் பார்த்தாள். கண்ணம்மாள் அவள் மேல் கையைப் போட்டு அழுத்தினாள்.

"புவனா!"

"அவ வர மாட்டா" என்று கண்ணம்மாள் படுத்தபடியே சத்தமாகச் சொன்னாள். "வாளி தொட்டிக்குப் பக்கத்துலதான் இருக்கு."

வெளியே மாடு மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. யாரோ சீட்டைக் கீழே போடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். அப்புறம் செருப்பு நடந்து தொட்டிப் பக்கம் போனது. வாளி கல்லில் இடித்தது. "கேட்டியா?" என்று கண்ணம்மாள் திரும்பிப் பார்த்தாள். புவனேஸ்வரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.