கழுத்துவரை நிரப்பிய டாங்கி

சண்டைக் காலத்தில் பெட்ரோல் அளந்துதான் கிடைத்தது. மழையும் பனியும் முடியும்வரை காரை நிறுத்திவைத்தார்கள். டாங்கியில் காலியிடம் இருந்தால் நீர் கோத்துத் துருவேறும் என்று, பங்காரம்மாளின் கணவர் அதைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுச் சேலம் போனார்.

ஐப்பசியில், வாசல் பெருக்கும் செல்லி ஓடிவந்தாள். "எம்மவளுக்கு வலி கண்டு ரெண்டு நாளாச்சுங்கம்மா. காரு வேணுங்க."

"பெட்ரோலு இல்லியே, செல்லி." டிரைவர் பக்கத்துத் தெருவில்தான் இருந்தான்.

மாட்டுவண்டி தர்மபுரியைத் தொடுமுன் மகள் இறந்துவிட்டாள். கணவருக்குப் பயந்துதான் சொன்னேன் என்று பங்காரம்மாள் தினமும் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தை பிறந்து வந்த கணவர் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். "ஊத்துன மேனிக்கு அப்படியே இருக்குதே! கெட்டிக்காரிடி நீ!"

வாசலில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவின்றி, அது மறுபடி தொடங்காதா என்று பங்காரம்மாள் காத்து நின்றாள்.