புதன்கிழமை அட்டை

ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கொழுந்தியாள் வந்து என் மகளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு வாரத்துக்கு இல்லை, ஒரேயடியாக. "பொண்ணு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல மாமா. இப்படியே விட்டா அவளுக்கு என்னமாச்சும் ஆயிடும்" என்றாள். சரி என்றேன். என் மனைவி இறந்துபோன நாற்பத்து மூன்று நாளாக யார் எதைக் கேட்டாலும் சரிதான். அவள் துணியெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடலாமா? சரி. பெண்ணை அனுப்பிவிடலாமா? சரி. அப்புறம் வேலைக்குப் போய் மூன்றாவது மாடியில் நின்றுபோன லிஃப்டுக்கு ரிலே மாற்றினேன். இந்த மரமண்டைக்கு அதுதான் தெரியும்.

என் மனைவி பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போடுகிறவள். வீட்டையும் விட்டுவைப்பாளா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு நாளுக்கு ஏழு அட்டை எழுதி, ஓட்டை போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டாள். திங்கள் கரண்டி தொடாமல் கையால் சாப்பிடும் நாள். செவ்வாய் எல்லாமே ஒரே நிறம். புதன் பேசாத நாள், வாயைத் திறந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும். வியாழன் ஆளுக்கொரு கேள்வி, பொய் கூடாது. வெள்ளி உருளைக்கிழங்கு. சனி மிச்சம் மீதி. ஞாயிறு தலைகீழ், இனிப்பில் தொடங்க வேண்டும். உருளைக்கிழங்கு என்றாலே என் மகளுக்கு வேப்பங்காய். யாருக்கும் தெரியாமல் அந்த அட்டையைத் தாண்டித் திருப்பிவிடுவாள். அதனால் ஒரு சட்டம் வந்தது: அன்றைக்குச் சமைத்தவர்தான் அட்டையைத் திருப்பலாம், வேறு கை படக்கூடாது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. சட்டம் என்று வந்துவிட்டால் உயிரை விடுவாள். வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்றுதான் பெயர்.

அந்த வியாழக்கிழமையும் நான்தான் சமைத்தேன். முட்டை, ரொட்டி, கொஞ்சம் தக்காளி. தட்டுகளை எடுத்தேன். மூன்று வந்தது. ஒன்றைத் திரும்ப வைத்தேன். தினமும் நடப்பதுதான், இப்போதெல்லாம் அது என்னை ஒன்றும் செய்வதில்லை. வக்கீலம்மா வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். அவள் அறைக் கதவோரம் கட்டி வைத்த பை தெரிந்தது.

"ஸ்கூல்ல சொல்லிட்டியா, போறேன்னு?"

தலையை ஆட்டினாள்.

"சித்தி வீட்டுல உனக்குத் தனி ரூமா?"

அதற்கும் தலைதான். எனக்கு எங்கிருந்தோ சுர்ரென்று வந்தது. நாற்பத்து மூன்று நாளில் வந்த முதல் கோபம்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமாடி? ஊமைக்கோட்டான் மாதிரி எத்தனை நாளைக்கு இப்படியே உட்கார்ந்திருப்ப? என்மேல கோபம்னா கோபம்னு சொல்லித் தொலையேன்!"

அவள் கரண்டியைத் தூக்கினாள். எறியப் போகிறாள் என்றே நினைத்தேன். சுவரைக் காட்டினாள். அட்டை. 'புதன். பேசாத நாள்.'

"புதனா? இன்னிக்கு வியாழன்."

கரண்டி அடுப்பைக் காட்டியது. பிறகு என்னைக் காட்டியது.

அப்போதுதான் உறைத்தது. என் மனைவி இறந்தது ஒரு புதன்கிழமை. காலையில் கிளம்பும்போது அவள்தான் அட்டையைப் புதனுக்குத் திருப்பிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சமைப்பவன் நான். திருப்ப வேண்டியவனும் நான். தினமும் அதன் கீழேதான் சாப்பிடுகிறேன், படிக்கவில்லை. அப்பாவுக்குப் பேச விருப்பமில்லை, அதனால்தான் அட்டையைத் திருப்பவில்லை என்று இந்தப் பெண் ஆறு வாரமாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானோ அவள் என்னை வெறுத்துவிட்டாள் என்று இருந்தேன். அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எழுந்து போய்த் திருப்பினேன். 'வியாழன். ஆளுக்கொரு கேள்வி.'

"நான் முதல்ல" என்றாள். பேசிப் பழக்கம் விட்டுப்போனதில் குரல் கரகரத்தது. "அம்மா போன்ல பாத்தேன். அன்னிக்கு உனக்கு ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா. ஏம்ப்பா எடுக்கல?"

ஆஸ்பத்திரியிலும், துக்கம் கேட்க வந்தவர்களிடமும், கொழுந்தியாளிடமும் லிஃப்ட் கிணற்றுக்குள் சிக்னல் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். எல்லாரும் நம்பினார்கள். அட்டையைப் பார்த்தேன். பொய் கூடாது.

"மணி அடிச்சுது. அம்மாதான்னு பாத்தேன். பால் வாங்கிட்டு வரச் சொல்லுவா, அப்புறம் பேசிக்கலாம்னு பையில போட்டுட்டேன். ரெண்டாவது தடவையும்."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிப்போ நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைத்தான் நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன். எழுந்து போய்விடுவாள், ஞாயிறுவரை காத்திருக்கக்கூட மாட்டாள் என்று தோன்றியது. போகட்டும், அவள் போவதற்கு நியாயம் இருக்கிறது.

அவள் எழுந்திருக்கவில்லை. "அம்மா பாலுக்காகத்தான் கூப்பிட்டாளா?" என்றாள்.

"தெரியலம்மா. எடுக்கவே இல்லையே."

அவள் அழுதாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இப்ப உன் கேள்வி" என்றாள்.

போகாதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது கேள்வி இல்லை, வக்கீலம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"போகணும்னு இருக்கா உனக்கு?"

அவள் எழுந்து தன் தட்டை என் தட்டின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.

"புதன் அட்டை இருக்கும்போது நீதான் முதல்ல பேசின. பாத்திரம் உன்னோடது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நாளைக்கு உருளைக்கிழங்கு" என்றாள். "எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் திருப்பு. ஞாயித்துக்கிழமை இனிப்பு செய்யணும். உனக்குச் செய்யத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. சித்திக்குத் தெரியும். பத்து மணிக்கு வருவாங்கல்ல, சொல்லிக் கொடுத்துட்டுப் போகட்டும்."

பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். தேய்த்துக்கொண்டே, வீட்டில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன்.