மூன்றாவது தட்டு

அழகரெத்தினம் புது வீட்டுக் கதவின் சட்டத்தில் ஆணி அறைந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து நூறு அடியாவது அடித்திருப்பார். பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்த மசூருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவருக்கே நம்ப முடியாத பெரிய புதினம். யாராவது கதவைத் தட்டினால் கை கால் விறைத்து, மூச்சு முட்டி, நின்ற இடத்திலேயே குந்திவிடுகிற மனுசன் அவர்.

புயலடித்து நாலு வருடமாகிறது. அன்று பிடித்ததுதான் இந்தச் சனியன். புயலுக்குப் பிறகு போட்ட ஓலைக் குடிசைக்கு அவர் கதவே வைக்கவில்லை. வாசலில் சாக்குத்தான் தொங்கியது. வருகிறவர்கள் வேலியடியில் நின்றே கூப்பிட வேண்டும். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் இசிம் எழுதிய தாயத்துக் கட்டினார்கள், ஆஸ்பத்திரியில் வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். ‘புயல் பயம்’ என்று கல்முனைக்குடி முழுக்கப் பேர் வைத்தாயிற்று. ஊருக்கென்ன, ஒரு பேர் வைத்துவிட்டால் நோய் விளங்கிவிட்டதென்று நினைப்பு. மாரிக் காற்று கூரையைப் பிய்க்கிற நாளிலும் மசூர் பேசாமல் இருந்து சோறு தின்பார். அதை யார் கண்டார்கள்?

இப்போது மகள் நதீராவுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளைதான் அதில் வந்து குடியேறுவார். சாக்குத் தொங்குகிற வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவார்? சம்மாந்துறைச் சம்பந்திமார் முதிரைப் பலகையில் கதவு வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதவென்று இருந்தால் நாளைக்கு அவர்கள் வந்து தட்டத்தான் செய்வார்கள். அப்போது வாசலில் குந்தினால் பெண்ணின் வாப்பாவுக்குப் பைத்தியம் என்று கதை பரவி, பேச்சு முறிந்துவிடும். பதினெட்டு வயதுப் பிள்ளை, வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, இரண்டு கிழமையாகக் குனிந்தபடியே திரிகிறாள்.

“ஓடாவியார், ஒருக்கா வெளிய நிண்டு தட்டிப் பாருங்க” என்றார் மசூர்.

அழகரெத்தினம் பாண்டிருப்புத் தச்சர். ஏன் எதற்கென்று நோண்டாத நல்ல மனுசன். ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே மசூர் நின்றார். இரண்டாவது தட்டுக்கும் நின்றார். மூன்றாவது விழுந்தது. அதற்கும் நின்றார். பிறகு சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில்தான் அவர் அப்படியே குந்திவிட்டார்.

அப்போதுதான் மசூருக்கு விளங்கியது. காற்றுமில்லை, தட்டுமில்லை. மூன்றாவது தட்டுக்குப் பிறகு வருகிற அமைதிதான் அவரைத் தின்கிறது.

புயலடித்த அன்றிரவு அவர் நெல் மூடைகளைக் கதவுக்கு அண்டை கொடுத்து, முதுகால் தள்ளிக்கொண்டு நின்றார். பெண்சாதி கைருன்னிஸாவும் மகளும் அறைக்குள் கட்டிலுக்குக் கீழே. முதல் தட்டைக் காற்றென்று நினைத்தார். இரண்டாவதை, முறிந்த கொப்பு என்று. மூன்றாவதோடு “மச்சான்” என்று ஒரு குரலும் வந்தது. அடுத்த வளவிலிருந்த கைருன்னிஸாவின் தங்கச்சி றுகையா. கதவைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும். மூடையை நகர்த்துவதா விடுவதா என்று அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் நின்றுபோனது. மூன்று தரம் கேட்டும் பதில் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவள் அவள். அந்தப் புயலிலும் மரியாதை பார்த்தாளோ, என்னவோ. விடிந்தபோது கிணற்றடியில், விழுந்த தென்னைக்குக் கீழே கிடந்தாள். அந்தப் பாவிக் கூரையும் நிற்கவில்லை. விடிவதற்குள் அதுவும் போயிருந்தது. “நம்மகிட்ட வந்து சேர்றத்துக்கு முந்தியே போயிட்டாள்” என்று கைருன்னிஸா அழுதாள். மசூரும் ‘ஓம், அப்படித்தான்’ என்றார். அந்த ஓம் நாலு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது.

றுகையா வந்து தட்டியதை மட்டும் மறைத்து, மூன்றாவது தட்டுக்குப் பிறகு வருகிற பயத்தை ஓடாவியாரிடம் சொன்னார். அழகரெத்தினம் சிரிக்கவில்லை. பழக்கினால் மாடே பழகும், மனுசன் பழகமாட்டானா என்றார். மூன்று தட்டுத் தட்டிவிட்டு நான் அசையாமல் நிற்பேன், ஆள் போகவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திறவுங்கள் என்றார். முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாள் கொண்டியில் கை வைத்தார். மூன்றாம் நாள் வேர்க்க வேர்க்கத் திறந்தேவிட்டார். வெளியே ஓடாவியார் பல்லெல்லாம் தெரிய நின்றார். மசூர் நாலு வருடத்துக்குப் பிறகு சிரித்தார்.

நாலாம் நாள் கைருன்னிஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள். உள்ளே மசூர் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க, அழகரெத்தினம் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்: “ராத்தா, இண்டைக்கு நீங்க தட்டுங்க. மூணு தட்டுத் தட்டிட்டுப் பேசாம நிண்டாப் போதும். மசூர் காக்காட பயம் அதுலதான் கிடக்கு.” தன் குவளையை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போய்விட்டார்.

அவள் தட்டினாள். தட்டோடு காப்பும் பலகையில் பட்டது. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் உம்மா ஒரே மாதிரிச் செய்து போட்ட காப்பு; அன்றிரவு பலகையில் கேட்டதும் இதே சத்தந்தான். இரண்டு. மூன்று. பிறகு அமைதி. ஆள் போகவில்லை, ஆள் போகவில்லை என்று மசூர் சொல்லிப் பார்த்தார். வாயில் வந்தது வேறு.

“போயிராத றுகையா, கதவத் துறக்கன். போயிராத புள்ள.”

பிறகு கைருன்னிஸாவின் குரல், பலகைக்கு மிக அருகில், மெதுவாக வந்தது.

“அண்டைக்கு அவள் வந்து தட்டினவளா?”

மசூரின் கை கொண்டியைத் தேடிப் போனது. வேர்க்கவில்லை. கொண்டி இலேசாகக் கழன்றது. கதவு நன்றாகத்தான் திறந்தது.

வாசலில் யாருமில்லை. படியில் தேத்தண்ணிக் குவளை ஆவி பறக்க இருந்தது. கைருன்னிஸா கிணற்றடியில், தென்னை விழுந்து வெறுமையாகக் கிடந்த இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.